கடுக்காயில் ஊறிய சட்டை

சில மாதங்களாக, வெயில் பட்டால் என் கணவரின் கை சிவந்து தடித்துவிடுகிறது. ஏதோ மாத்திரையின் விளைவாம். சரியாக நாளாகும் என்றார் தோல் மருத்துவர். இவரோ ஊர் ஊராகப் போய் ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். இனியும் தடித்தால் ஆபீஸ் வேலைதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"ஆடு இல்லாத ஆபீஸ்ல நான் இன்னா பண்றது?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

முழுக்கைச் சட்டை போட்டும் தடித்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தி புற ஊதாக் கதிரை முழுதாக நிறுத்தாது, கடுக்காய்ச் சாறு ஏற்றினால் நிறுத்தும் என்று படித்தேன். படித்ததை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கில்லை. சிவப்புச் சார்ட் தாளை இரண்டாக வெட்டினேன். ஒன்றின்மேல் வெறும் துணி, மற்றதன்மேல், சாறு ஒட்டுவதற்குப் படிகாரமும் பிறகு கடுக்காயும் ஏற்றிய துணி. மூலைக்கு ஒரு கல் வைத்து இரண்டு வாரம் மொட்டைமாடியில் விட்டேன். வெறும் துணிக்கு அடியில் தாள் வெளுத்துப்போனது. மற்றதில் சிவப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

பிறகுதான் அவர் சட்டைகளை எவர்சில்வர் அண்டாவில் ஊறவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பினால் அண்டா காலி. விசேஷத்துக்குப் பலகாரம் சுடும் பெரிய இரும்புச் சட்டியில் எல்லாம் கன்னங்கரேலென்று மிதந்தன.

"அண்டா பத்தலம்மா. தாராளமா ஊறட்டுமேன்னு மாத்தினேன்" என்றார் இவர்.

"கடுக்காய இரும்புல போட்டா மைதாங்க!"

எத்தனை அலசியும் கறுப்பு போகவில்லை. மறுநாள் அதையே போட்டுக்கொண்டு சீயமங்கலம் போனார். அங்கே ஆட்டுக்காரம்மா ஒருத்தி, "இன்னா டாக்டரே, சித்திரையிலயே மாலை போட்டுட்டியா? இருமுடி எங்க?" என்றாளாம்.

"ஊசிப் பைதான் இருமுடி. நீ ஆட்டப் புடி" என்றாராம் இவர்.

வேர்வையில் தொப்பலாக நனைந்து வந்து, சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்காமல் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். புறங்கை தடித்திருந்தது. சட்டைக் கையின் விளிம்பு வந்த இடத்தில், கோடு கிழித்ததுபோல் சிவப்பு நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு தடிப்புகூட இல்லை.

"பாத்தியா, ஆபீஸ் தப்பிச்சுது!" என்றார்.

"புறங்கைய மறந்துட்டீங்களா?"

இன்னொரு கறுப்புச் சட்டையை வெட்டி, அந்தத் துணியால் இதன் கையைப் புறங்கை மூடும்படி நீட்டித் தைத்து, கட்டைவிரலுக்கு ஓட்டை விட்டேன். காலையில் மாட்டிக்கொண்டு விரல்களை ஆட்டிப் பார்த்தார்.

"ஊசி புடிக்க வருது" என்று வண்டியை உதைத்தார். "அந்த வெள்ளச் சட்டை ஒண்ணு மிச்சம் கெடக்குது பாரு, அதையும் சட்டியிலயே போடு. அண்டா வேணாம்."