முப்பத்தோராவது மரம்

இந்த ஊரில் மரங்களுக்கு எண் உண்டு. எங்கள் தெருவின் நடைபாதையோரம் நிற்கும் ஒவ்வொரு மேப்பிள் மரத்திலும் கண் உயரத்தில் ஒரு சிறு அலுமினியத் தகடு, அதில் நான்கு இலக்கம். அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரமே எண்ணிவிட்டேன். எங்கள் பக்கம் நாற்பத்து நான்கு. நகராட்சியின் இணையதளத்தைப் பார்த்தால் அங்கேயும் நாற்பத்து நான்கு. முப்பத்து மூன்று ஆண்டுகள் புள்ளியியல் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நான் எண்ணியதும் அரசாங்கம் எண்ணியதும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. எங்கோ தவறு செய்திருப்பேன் என்று மறுநாள் மறுபடி எண்ணினேன். நாற்பத்து நான்குதான். நாயுடன் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்று, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மரங்களை எண்ணுவதாகச் சொன்னேன். "அதில்தான் எண் போட்டிருக்கிறதே" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதற்குமேல் பேச எதுவும் இல்லை.

பம்மலில் எங்கள் வீடு இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு மாதம் அங்கே, எட்டு மாதம் இங்கே. போன முறை போனபோது அடுத்த வீட்டு கலீல் பாயின் மகள் ரிஸ்வானா ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். தாம்பரத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் தாவரவியல் மூன்றாம் ஆண்டு. சுற்றுச்சூழலில் தலைமைப் பண்பும் பொதுச் சேவையில் ஈடுபாடும் உள்ள மாணவர்களுக்கு ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை தரும் உதவித்தொகை அது. கிடைத்தால் அமெரிக்காவில் இரண்டு ஆண்டு மேற்படிப்பு. கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது: அவள் அத்தா கலீல் பாயின் பெல்ட் பட்டறையில் பில் போடும் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் இருப்பவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை. இங்கே குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்பதே எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

"இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்க தாத்தா" என்றாள். பார்த்தேன். இலக்கணப் பிழை நான்கு. ஐந்தாவதாக ஒரு வரி கண்ணில் பட்டது: 'ஐந்நூறு மரக்கன்றுகள் நட்டேன்.'

"இது எங்கம்மா நட்டது?"

"திருநீர்மலை ஏரிக்கரைல. காலேஜ்ல எல்லாரும் சேந்து போனோம்."

"இப்போ எத்தனை இருக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அலுவலகத்தில் பல முறை பார்த்திருக்கிறேன். "வச்சதோட சரி தாத்தா. போட்டோ எடுத்தோம், புளி சாதம் குடுத்தாங்க, வந்துட்டோம். அப்புறம் எக்ஸாம் வந்துடுச்சு."

அவள் வகுப்பில் ஏழு பேர் விண்ணப்பிக்கிறார்களாம். ஏழு பேருமே ஐந்நூறு நட்டிருந்தார்கள். அதே ஐந்நூறு. கூட்டினால் மூவாயிரத்து ஐந்நூறு வருகிறது. அந்தக் கரையில் அவ்வளவு மரம் நின்றால் ஏரிக்கு இடமிருக்காது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன். கரை நெடுக ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இன்னா பெர்சு, எம்மா நேரமா மரத்தையே தடவிக்கினு கீற? வெட்டப் போறியா?"

"எண்ணுறேம்மா."

"எண்ணுனா வளந்துடுமா அது? தண்ணி ஊத்த ஒரு ஆளு வர்ல. எண்றதுக்கு மட்டும் வந்துட்டாரு."

"உனக்கு எத்தனை ஆடும்மா?"

"ஐய, அத்த எண்ணாத. கண்ணு பட்டுடும்."

எண்ணவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினொன்று.

உயிரோடிருந்த கன்றுகள் நாற்பத்தொன்று. ரிஸ்வானாவிடம் சொன்னேன். இனி அவள் பாடு, ஐந்நூறு என்றே போட்டாலும் நான் கேட்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அன்று மாலை சுடிதார் ஓரமெல்லாம் சேறாகத் திரும்பி வந்தாள்.

"தாத்தா, நீங்க தப்பா எண்ணிட்டீங்க. முப்பத்திரண்டுதான்."

வாழ்க்கையில் எவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஒம்போது வேம்பு இருக்குது இல்ல, அது நாங்க வச்சதே இல்ல. வண்டில வந்தது புங்கனும் பூவரசும்தான். வேம்பெல்லாம் காக்கா போட்டது."

அந்த ஏரிக்கரையை எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். அங்கே நட்டது எது, தானாக முளைத்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத அளவுக்கு நான் வெளியூர்க்காரன் ஆகியிருந்தேன். காகங்களோ ஒன்பது மரங்களை எந்தச் சான்றிதழும் கேட்காமல் வளர்த்திருந்தன. விண்ணப்பத்தில் ஐந்நூறை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று அவளே எழுதினாள். "ரொம்பக் கம்மியா இருக்குல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கேனில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினாள்.

விண்ணப்பத்தோடு கல்லூரியின் சான்று வேண்டும். மரநடு விழாவுக்குப் பொறுப்பாளரான முருகேசன் சார் கெட்டவர் அல்ல. வகுப்பு போக, தேர்வு வேலை, விடுதி வேலை, இதுவும் அவர் தலையில். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஐநூறுன்னு ரிப்போர்ட் போயாச்சு சார். இப்ப இந்தப் பொண்ணு முப்பத்திரண்டுன்னு எழுதுனா, மிச்சம் நானூத்தி அறுபத்தெட்டு எங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க."

"எங்க சார்?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"சார், நீங்க அமெரிக்கா போயிடுவீங்க" என்றார். கையெழுத்துப் போடவில்லை.

கல்லூரிச் சான்று இல்லாவிட்டால், குடும்பத்தைச் சேராத உள்ளூர்வாசி ஒருவர் நேரில் பார்த்ததாக உறுதி தரலாம் என்று விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் எழுதினேன். 'எப்படித் தெரியும்?' என்ற இடத்தில் 'எண்ணினேன்' என்று போட்டேன். முகவரிக்கு ஒரே ஒரு கட்டம். யோசிக்காமல் பம்மல் முகவரியையும் அந்த ஊர்த் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டேன். அதிலிருந்து பன்னிரண்டாவது நாள் விமானம் ஏறினேன். கடலுக்கு மேலே எங்கோதான் உறைத்தது. அவளை ஐந்நூறிலிருந்து முப்பத்திரண்டுக்கு இறக்கிய நான், எட்டு மாதம் இல்லாத ஊரின் முகவரியை என் முகவரி என்று எழுதியிருக்கிறேன். அவள் விண்ணப்பத்தில் பொய் என்று ஏதாவது இருந்தால் அது என்னுடையது.

மகன் எளிதாகச் சொன்னான். "இங்க இருக்கேன்னு அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுடுங்கப்பா." உள்ளூர்வாசி இல்லை என்று அவர்கள் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டால்? எழுதாமல் விட்டு, பிறகு தெரிந்துபோனால்? ஒரு தாளில் இரண்டு பக்கமும் காரணங்கள் எழுதினேன். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. மின்னஞ்சல் போகவில்லை. பம்மல் சிம் இருந்த பழைய தொலைபேசியைச் சன்னலோரம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்த் தொலைபேசி அதன் பக்கத்தில் கிடந்தது. வெள்ளிதோறும் ரிஸ்வானாவின் வாட்ஸ்அப் அதில்தான் வரும்: '32.' அடுத்த வாரமும் '32.' நேர்முகத் தேர்வு நடந்த வாரம்: '31. ஆடு.'

நான் இங்கே வந்த பத்தொன்பதாம் நாள் காலை பழைய தொலைபேசி அடித்தது. அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"விண்ணப்பத்தில் முப்பத்திரண்டு மரங்கள் என்று இருக்கிறது. நீங்கள் உறுதி செய்கிறீர்களா?"

"இல்லை. முப்பத்தொன்று."

"முப்பத்தொன்றா?" என்றார். முப்பத்திரண்டு என்றே சொல்லியிருக்கலாம், அவள் எழுதியது அதுதானே என்று அதற்குள் தோன்றிவிட்டது. "ஒன்றை ஆடு தின்றுவிட்டது" என்றேன். ஆங்கிலத்தில் அது நொண்டிச் சாக்குப் போலத்தான் ஒலித்தது.

"நேர்முகத்தில் அவரும் முப்பத்தொன்று என்றுதான் சொன்னார்" என்றார் அவர். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "இப்போது பம்மலில்தானே இருக்கிறீர்கள்?"

"இல்லை. அமெரிக்காவில். ஆண்டுக்கு எட்டு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே."

"அப்படியானால் உங்கள் நிரந்தர முகவரி எது?"

பெரிய எண்ணைக் கொண்டு முடிவு செய்வதென்றால் அமெரிக்கா. எனக்கு அந்த விடை சரியாகப் படவில்லை. "எண்ணும்போது அங்கேதான் இருந்தேன்" என்றேன். அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, "அது போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரிஸ்வானாவுக்குக் கிடைத்துவிட்டது. போன மாதம் வந்து சேர்ந்தாள். இங்கிருந்து பேருந்தில் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். முதல் நாள் தொலைபேசியில், "தாத்தா, இங்க மரத்துக்கெல்லாம் நம்பர் இருக்குது!" என்றாள். ஏரிக்கரையில் இப்போது எத்தனை என்று கேட்க வாயெடுத்தேன். எண்ணத் தெரிந்த இரண்டு பேரும் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தோம்.

போன வெள்ளிக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. ஏரிக்கரைப் படம். கீழே: '31 சார். ரிப்போர்ட்டுக்கு இல்ல. சும்மா எண்ணிப் பாத்தேன். முருகேசன்.'

இப்போது காலை நடையில் நான் முப்பத்தோராவது மேப்பிள் வரை போய்த் திரும்பிவிடுகிறேன். நேற்று அந்த நாய்க்காரப் பெண்மணி அங்கே நின்றிருந்தார். "இன்னும் பதின்மூன்று மரம் இருக்கிறதே" என்றார். அவரும் எண்ணியிருக்கிறார். தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.