கழுவிவிட்டு வந்த கால்கள்

பாலக்கரை உபதேசியார் அமிர்தராஜ் எதையும் முறையாகச் செய்பவர். கடவுள் நம்மீது அன்பு வைத்திருக்கிறார், நாமும் பிறர்மீது அன்பு வைக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு நெஞ்சுருகச் சொல்லிக்கொடுப்பார்.

பெரிய வியாழனன்று மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிருவரைத் தெரிந்தெடுப்பது அமிர்தராஜின் பொறுப்பு. சாமியார் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று அவராகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார்: முதல்நாளே கோயில் முற்றத்தில் எல்லாருடைய கால்களையும் பார்வையிடுவார். நகம் வெட்டி, தேய்த்துக் கழுவிய கால்களுக்கே நாற்காலி. அதில் பிழையிருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

1958இல் அந்த வரிசையில் அவருடைய அண்ணன் சவரிமுத்துவும் வந்து நின்றார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர். குதிகால் வெடித்து, விரலிடுக்குகள் வெந்து, நகமெல்லாம் கறுத்திருந்தன.

"இந்த வருஷம் என்னையும் உட்கார வையேன்டா தம்பி."

"காலைக் காட்டுங்கண்ணே."

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சிருக்கேன். இருந்தாலும் வாடை போகல."

வரிசையில் நின்ற மளிகைக்கடை ஆரோக்கியம் சிரித்தார். "சாமியார் மூக்குக்கு ஒரு துண்டு கட்டிவிட்டா ஆச்சு, உபதேசியாரே!"

எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தராஜுக்கு ஆரோக்கியத்தின்மீது கோபம் வரவில்லை. அண்ணனை நினைத்து வெட்கம்தான் வந்தது.

"புண்ணு ஆறட்டும்ணே. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"சீடர் இராயப்பர் இயேசுகிட்டயே தன் காலைக் கழுவ வேண்டாம்னு அடம்பிடிச்சாரு. நான் வேணும்னு கேட்டேன், கிடைக்கல" என்று சவரிமுத்து தாமும் சிரிக்க முயன்றார். பிறகு வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போனார்.

மறுநாள் பூசையில் அமிர்தராஜ் செம்பிலிருந்து நீர் வார்க்க, சாமியார் கால்களைக் கழுவினார். கடைசி ஆளுக்கு வந்தபோதும் தட்டில் நின்ற தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கழுவ வேண்டிய கால் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை என்பது அமிர்தராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தின் கடைசியில் அண்ணன் முழங்காலிட்டிருந்தார்.

இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்கா ஞாயிறு கழிந்ததும் அரியமங்கலத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடினார். அண்ணி லூர்துராணி மட்டும் வாசலுக்கு வந்தாள். கொல்லைப்பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டது.

"உங்க குரல் கேட்டதும் காலைத் தேய்க்கப் போயிட்டாரு தம்பி. செங்கல்லை எடுத்துக்கிட்டு."

சவரிமுத்து வந்தார். குதிகாலில் இரத்தம் கசிந்திருந்தது.

"அண்ணே, நான் பண்ணினது தப்பு. இங்கேயே நான் கழுவிவிடுறேன். தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க."

"விடுடா, கழுவியாச்சு. கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. மீன் குழம்பு இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

அதன்பிறகு அமிர்தராஜ் யாருடைய காலையும் பார்வையிடவில்லை. ஆண்டுதோறும் அண்ணனை நேரில் போய் அழைத்தார். "நீதானே செம்பு பிடிப்பே? கூச்சமா இருக்குடா" என்பதே பதிலாக இருந்தது.

அண்ணனின் அன்பு சிறிதும் குறையவில்லை. வீட்டுக்குப் போனால் பக்கத்தில் உட்காரவைத்து, முள் பார்த்து மீன் எடுத்து வைப்பார். ஆனால் தம்பியின் தலை வாசலில் தெரிந்த மாத்திரத்தில், நீட்டியிருந்த கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார். சாகும்வரைக்கும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.