கேமராவுக்குள் ஒட்டிய ஃபில்டர்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடலாம்." நாள் முழுக்க அவள் பேசுவது இவ்வளவுதான். வீட்டில் அதற்கும் ஆள் இல்லை. அம்மா போன பிறகு அங்கே அவள் ஒருத்திதான்.

விடுமுறை நாட்களில் அகச்சிவப்பு ஃபிலிமில் மரங்களைப் படம் எடுப்பாள். கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடிக்கிற ஃபிலிம் அது. இலைகள் வெள்ளை வெளேரென்று வரும்; வானம் கறுத்துவிடும். ஆனால் லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் கன்னங்கறுப்பு. மாட்டிவிட்டால் கேமராவில் கண்ணை வைத்தும் ஒன்றும் தெரியாது. முக்காலியில் நிறுத்தி, பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஃபில்டரை மாட்டிக் குத்துமதிப்பாகப் பட்டனை அமுக்க வேண்டும். அதற்குள் மனிதர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

"இன்னும் மரத்தையேதான் எடுத்துட்டு இருக்கியா?" என்று தங்கை போனில் கேட்டாள்.

"அதுதானே அசையாம நிக்குது."

வேலை விஷயமாக ஒருநாள் வருவதாகத் தங்கை சொன்னதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாள் போன்ற மெல்லிய ஃபில்டரைக் கத்தரித்து, கேமராவின் முதுகைத் திறந்து, ஷட்டரில் படாமல் ஃபிலிமுக்கு முன்னால் ஒட்டினாள். இனி ஃபிலிமுக்கு மட்டும்தான் இருட்டு, கண்ணுக்கு இல்லை.

தங்கையை ஆஸ்பத்திரித் தோட்டத்தில் நிறுத்திக் கேமராவில் பார்த்தாள். முகம் பளிச்சென்று தெரிந்தது. காதோரம் நரை. இது எப்போது வந்தது? பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னக்கா, எடுக்கலையா?"

"மூச்சை இழுத்துப் பிடி." வாய்தவறி வந்துவிட்டது. தங்கை சிரித்த நொடியில் பட்டனை அமுக்கினாள்.

மாலையே தங்கை பஸ் ஏறிவிட்டாள். கழுவி வந்த படத்தில் அவள் தோல் மெழுகாகவும் கண்கள் கரிக்குழிகளாகவும் இருந்தன. ஃபில்டரில் ஒட்டிய தூசி ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. இருந்தாலும் அனுப்பினாள்.

தங்கை போன் செய்தாள். "நல்லாத்தான் இருக்கு. என் சின்னப் பொண்ணுதான் பேய்னு பயப்படுறா. பீரோவுல வச்சிருக்கேன்."

"சரி" என்று போனை வைத்தாள். அன்று சமைக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் ஃபில்டரைத் துடைத்துப் புது ஃபிலிம் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? பேய் மாதிரி வருவீங்க."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். எடுத்து முடித்ததும் தயங்கினார். "வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரட்டுமா? நாங்க சேர்ந்து எடுத்ததே இல்ல."

"கூட்டிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."