வல்வெட்டித்துறையில் பூச்சி தின்னும் செடிகளும் நான் மறைத்த தண்ணீரும்

செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை போய் வந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் எழுதுகிறேன். முதலில் மகளுக்குச் சளித் தடிமன், பிறகு எனக்கு, பிறகு எழுதத்தான் வேண்டுமா என்ற யோசனை. வழமையாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளோடு ஒரு நாளில் போய் வரக்கூடிய இடங்களைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் அப்படி ஒரு இடம்தான். ஆனால் நான் அங்கே போனதற்கு வேறு காரணமும் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை.

என்னோடு படித்த தோழி ஒருத்தி வட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தல் அனுப்பினாள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வல்வெட்டித்துறைக்குக் கிட்டத் தன் வளவுக்குள் ஒரு கண்ணாடி வீடு கட்டிப் பூச்சியுண்ணும் தாவரங்களை வளர்க்கிறாராம். இரண்டு வாரம் கண்காட்சி. அறிவித்தலில் இருந்த படத்தின் ஓரத்தில், செடிகளுக்குப் பின்னால், ஒருவர் குனிந்து நின்றார். முகம் பாதிதான் தெரிந்தது. நிற்கிற விதத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். சிவம் அண்ணை. இப்போது அந்த வளவுக்காரரிடம் செடி பார்க்கிறார் போல.

ஒன்பது வருடத்துக்கு முன், நான் தாவரவியல் படித்த இடத்தில் (பெயர் இங்கே தேவையில்லை) செடிகளைப் பராமரித்தவர் அவர். என்னால் அந்த வேலையை இழந்தவர். அது அவருக்குத் தெரியாது. கண்டால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டேன்.

பண்டத்தரிப்பிலிருந்து காலை 6.40 பஸ். யாழ்ப்பாணம் பதினாறு கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், எனக்கு எண்பது ரூபா. மகள் ஆதிரைக்கு நாலரை வயது, மடியில் இருந்தாள், காசு எடுக்கவில்லை. என் பையில் காய்ச்சல்மானி, பனடோல் பாணி, இரண்டு மாற்றுச் சட்டை, கொதித்தாறிய தண்ணீர் இரண்டு போத்தல், நுளம்புக்குப் பூசும் களிம்பு. நடத்துனர் பையைப் பார்த்துவிட்டு, "அக்கா, கொழும்புக்கோ வெளிக்கிட்டனீங்கள்?" என்றார். வல்வெட்டித்துறைக்கு என்றேன். "அதுக்கு இவ்வளவோ?" என்று சிரித்துக்கொண்டு போனார். சிரிக்கட்டும். போன வருடம் ஆதிரைக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான்.

யாழ்ப்பாணத்தில் 8.05க்கு வல்வெட்டித்துறை பஸ். முப்பது கிலோமீற்றர், நூற்று நாற்பது ரூபா, ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் இருங்கள், தொண்டைமானாற்றுப் பாலத்தில் நல்ல காற்று. ஆதிரை நித்திரையாகிவிட்டாள். எனக்கு அந்தப் பழைய கண்ணாடி வீடு நினைவில் வந்தது.

வீடு என்று சொன்னாலும் பாதி கண்ணாடி, பாதி பொலித்தீன். ஈரத் தேங்காய்த் தும்புத்தூளின் வாசம். மத்தியானத்தில் வகுப்பு இல்லாத நாலைந்து பேர் உள்ளே போய் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு அதிலே இருந்து கதைப்போம். சிவம் அண்ணை துரத்தமாட்டார். "கதையுங்கோ, கதையுங்கோ. நீங்கள் விடுற மூச்சு செடிக்கு நல்லம்" என்பார். அவர் வளர்த்ததில் எனக்குப் பிடித்தது அழுகண்ணி. விரல் நீளச் செடி. இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத்துளி. காலை வெயிலில் பதினைந்து நாற்றுத் தட்டும் சேர்ந்து மினுங்கும். வன்னியில் எடுத்த விதையிலிருந்து ஒவ்வொன்றாக முளைக்க வைத்தது. அப்போது எனக்கு வாழ்க்கையில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் பொய். அப்போதும் நுளம்புக்குப் பயந்தேன்.

சித்திரைப் புதுவருடத்துக்கு அவர் பத்து நாள் ஊருக்குப் போனார். தண்ணீர் விடும் முறை என்னுடையது. "பரலிலை இருக்கிற மழைத்தண்ணி மட்டுந்தான், தங்கச்சி. கிணத்துத் தண்ணி காட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைநீர் பிடிக்கிற அந்தப் பீப்பாயின் மூடியைத் திறந்தால் அரைப் பரல் தண்ணீர், முழுக்க நுளம்புக் குடம்பி நெளிந்தது. அப்படியே கவிழ்த்து ஊற்றிவிட்டேன். ஊற்றிய பிறகுதான் சித்திரையில் மழைக்கு எங்கே போவது என்று யோசித்தேன்.

கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று அவர் சொன்னது அங்கே இருந்த உவர்க் கிணற்றைத்தான் என்று நினைத்தேன். எங்கள் உடுவில் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். அயலில் கலியாணம் என்றால் தேத்தண்ணிக்கு எங்கள் கிணற்றில்தான் வந்து அள்ளுவார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே, நல்ல தண்ணிக் கிணறு என்றால் அதற்கு மேல் தண்ணீர் இல்லை. சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி, இரண்டு நாளில் ஐந்து தடவை கொண்டுபோய், பரலைப் பழைய மட்டத்துக்கு நிரப்பினேன். செடிக்கு நல்லது செய்ததாகத்தான் நினைப்பு. நாக்குக்குத் தெரியாத சுண்ணாம்பு அந்தத் தண்ணீரிலும் இருக்கிறது, அழுகண்ணிக்கு அது மெல்ல ஏறும் நஞ்சு என்பது அப்போது தெரியாது.

அவர் வந்து அதே பரலிலிருந்து மேலும் மூன்று வாரம் தன் கையாலேயே ஊற்றினார். துளிகள் காய்ந்தன, இலைகள் கறுத்தன. ஒரு நாள் என்னைக் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் விட்டது பரல் தண்ணிதானே?" நான் "ஓம்" என்றேன். அந்த நேரம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் ஓம் என்றேன். பதினைந்து தட்டும் இல்லாமற் போனதற்காக அடுத்த மாதம் அவரைக் கண்ணாடி வீட்டிலிருந்து எடுத்து மைதானத்தில் புல் வெட்ட விட்டார்கள். பிறகு அவர் அங்கிருந்தே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

வல்வெட்டித்துறைச் சந்தியில் இறங்கும்போது 9.15. கண்ணாடி வீடு இரண்டு கிலோமீற்றர், ஓட்டோ முந்நூறு ரூபா. ஓட்டோக்காரருக்கு இடம் நன்றாகத் தெரியும்.

"பூச்சி தின்னுற மரம் பாக்கவோ? எங்கடை வீட்டிலையும் ஒண்டு நிக்குது."

"உண்மையாவோ?"

"ஓம், என்ரை மச்சான். வாயைத் திறந்துகொண்டுதான் நித்திரை."

ஆதிரைக்கு அது விளங்கவில்லை, ஆனாலும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நுழைவு பெரியவர்களுக்கு இருநூறு ரூபா, ஐந்து வயதுக்குள் இலவசம். வாசலில் ஒரு கூடை. தண்ணீர்ப் போத்தல்களை அதிலே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். சிற்றுண்டியும் வெளியே. உள்ளே இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் விடுவதில்லை. எங்களோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பதினைந்து பேரும் ஒரு ரீச்சரும் சேர்ந்துகொண்டார்கள்.

கதவைத் திறந்ததும் அதே ஈரத் தும்புத்தூள் வாசம். கண் கலங்கியது. வெக்கை என்று நினைத்துக்கொண்டேன், உண்மையிலேயே வெக்கைதான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆதிரையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

இடப்பக்கம் குடுவைச் செடிகள் தொங்குகின்றன. சிங்கராஜக் காட்டுப் பக்கத்து இனம், ஒவ்வொரு குடுவையும் என் கையளவு, மூடியோடு. நடுவில் வெளிநாட்டுக் குழல் செடிகள். ஒரு கண்ணாடித் தொட்டியில் நம்முடைய குளங்களில் மிதக்கிற மஞ்சள் பூச்செடி. நீருக்குள் இருக்கும் இழைகளில் கடுகளவு பைகள், அவைதான் பொறி. வாழ்க்கை முழுக்கப் பார்த்த செடி, அது வேட்டைக்காரன் என்று பலருக்குத் தெரியாது. கடைசியில் தனி மேசையில், பூச்சி தொட்டால் இலையை வாய் போல மூடும் வீனஸ் பொறி, பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்கள், எங்கள் வெயிலிலிருந்து காப்பாற்ற. வலப்பக்கச் சுவரோரம் அழுகண்ணி. எட்டுத் தட்டு. மினுங்கிக்கொண்டிருந்தது.

சிவம் அண்ணை வீனஸ் பொறிக்கு முன் நின்றார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் காணவில்லை. ஆதிரை என் கையை விட்டுவிட்டு முன்னால் போய் நின்றாள். நான் பாய்ந்து அவளின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இது என்ரை விரலைத் தின்னுமோ?" என்று அவரிடமே கேட்டாள்.

"தின்னாது, பிள்ளை. உங்கடை விரல் அதுக்குப் பெரிய சாப்பாடு, செமிக்காது."

"அப்ப எறும்பு?"

"எறும்பு செமிக்கும்."

"குடுவைக்குள்ளை தண்ணி நிக்குதே, நுளம்பு முட்டை போடாதோ?" இது நான். கேட்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போட வாற நுளம்புதான் அதுக்குச் சோறு" என்றார் அவர்.

பிறகு பிள்ளைகளை அழுகண்ணித் தட்டுகளுக்கு முன் கூட்டிப்போய் நிறுத்தினார். அருகே ஒரு பரல், மூடியில் பூட்டு. "ஏன் அங்கிள் தண்ணிக்குப் பூட்டு?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

"இது மாரி மழைத்தண்ணி. என்னைத் தவிர வேறை ஆரும் தொடுறேல்லை. முந்தி வேலை செய்த இடத்திலை பதினைஞ்சு தட்டு அழுகண்ணி என்ரை கையாலை செத்துப்போச்சு. என்ன பிழை விட்டனான் எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. அதுதான் இவ்வளவு கவனம்."

எந்தக் கூச்சமும் இல்லாமல், தினமும் சொல்லிப் பழகிய பாடம் போலச் சொன்னார். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதைத்தான் சொல்கிறாராம். இரண்டு வாரமாக. அதற்கு முன் ஒன்பது வருடம் தனக்குத்தானே சொல்லியிருப்பார்.

பிள்ளைகள் வெளியே போகும்வரை நின்றேன். ஆதிரையின் கையை மட்டும் விடவில்லை. பெயரைச் சொன்னேன், எந்த வருடம் படித்தேன் என்று சொன்னேன். "அட, உடுவில் பிள்ளையே!" என்று முகம் மலர்ந்தார். அந்த மலர்ச்சிதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அது வாடுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று குடம்பி, கான், சைக்கிள், ஓம் என்றது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் தோட்டக்காரனின் கேள்விகள்.

"எத்தினை கான்?"

"அஞ்சு."

"கான் கழுவினதோ?"

"ஓம், அண்ணை."

"பரல் அடியிலை பழைய தண்ணி கொஞ்சமும் இருக்கேல்லையோ?"

"இல்லை. முழுக்க ஊத்திப்போட்டன்."

தலையை மெல்ல ஆட்டினார். "அப்ப சுண்ணாம்பு. நான் பூஞ்சண நோய் எண்டெல்லோ நினைச்சன்." தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு தட்டுத்தான் அப்ப கறுத்தது, பிள்ளை. மிச்சம் பத்தும் பச்சை. குடுவைச் செடிக்கும் பரவிப்போடும் எண்டு பயந்து, பச்சையா நிண்ட பத்தையும் நான்தான் எரிச்சனான். கேட்ட அண்டைக்குச் சொல்லியிருந்தால் நல்ல தண்ணியாலை அலசிக் காப்பாத்தியிருப்பன்."

இது எனக்குத் தெரியாது. தண்ணீர்தான் என் பிழை, அந்த ஓம் ஒரு சின்னப் பொய் என்று இத்தனை நாளும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பத்துத் தட்டை எரித்தது அந்தச் சின்னப் பொய்தான்.

"கோவமோ, அண்ணை?"

"ஓம், கோவந்தான்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "மூண்டு மாசம் வெயிலுக்கை நிண்டு புல்லு வெட்டினன். அது பரவாயில்லை. என்ரை கையிலை எனக்கே நம்பிக்கை போச்சுது, அதுதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார். மன்னித்த சரியா, போதும் என்ற சரியா, தெரியவில்லை. ஆதிரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"செடிக்குப் பிழையான தண்ணி ஊத்தினனான். பிறகு ஊத்தேல்லை எண்டு பொய்யும் சொன்னனான்."

"ஏன்?"

அவரும் பதிலுக்குக் காத்திருப்பது போலிருந்தது. "பயத்திலை" என்றேன்.

வெளியே வந்து மர வாங்கிலில் அமர்ந்தோம். கூடையிலிருந்து போத்தலை எடுத்து ஆதிரைக்குத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த கூட்டம் உள்ளே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பரலருகே நின்று கதைப்பது நன்றாகக் கேட்டது. "முந்தி பதினைஞ்சு தட்டு செத்துப்போச்சு," என்றார். "கிணத்துத் தண்ணியாலை. எங்கடை ஆக்கள் நல்ல தண்ணிக் கிணறு எண்டால் எல்லாத்துக்கும் நல்லம் எண்டு நினைப்பினம். இதுக்கு ஆகாது." "என்ரை கையாலை" என்பதைச் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை.

மத்தியானம் 12.40 பஸ்ஸில் திரும்பினோம். வீடு வந்து சேர 3.20. ஆதிரையின் உடம்புச் சூடு சாதாரணம். காய்ச்சல்மானியை அன்று ஒரு தடவைதான் எடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: கண்காட்சி முடிந்துவிட்டது, ஆனால் கண்ணாடி வீடு சனி, ஞாயிறு காலை 9 முதல் 1 வரை திறந்திருக்கும். பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு உள்ளே வெக்கை தாங்காது. சின்னப் பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை போடுங்கள். கழிப்பறை இருக்கிறது, துப்புரவாகவும் இருக்கிறது. பொறியைப் பென்சிலால் குத்தி மூடவைக்க விடாதீர்கள், வெறும் வாயை மூடி மூடியே அந்த இலை செத்துவிடும். ஒரு குடும்பத்துக்குப் போக்குவரத்தோடு இரண்டாயிரம் ரூபாவுக்குள் முடியும். அவரிடம் கேள்வி கேளுங்கள், எவ்வளவு சின்னக் கேள்விக்கும் பதில் சொல்வார்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. கூரைத் தாழ்வாரத்தின் கீழ் என் கணவர் எனக்கு ஒரு பரல் வைத்துத் தந்திருக்கிறார். வாய்க்கு நுளம்பு வலை கட்டியிருக்கிறேன். நிரம்பியதும் கான்களில் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் சிவம் அண்ணையிடம் போவேன். வரச் சொன்னாரா என்றால், சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.