சனிக்கிழமை நான் குறைத்த மின்சாரம்

சனிக்கிழமை அலுவலகங்கள் மூடியிருக்குமே என்றெண்ணி, எங்கள் தரவு மையத்து சர்வர்களின் மின்வரம்பை இன்று காலை குறைத்துவிட்டுப் பெருமிதத்துடன் புறப்பட்டேன்.

வழியில், மருந்து வாங்க சிலிபின் வட்டாரத்திலுள்ள கிளினிக்கில் நுழைந்தேன்.

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோலா அக்கா, பேரே வர மாட்டேங்குது," என்றாள் கவுண்டர்ப் பெண்.

அவர்களுடைய பதிவுகள் எங்கள் சர்வரில்தான் உள்ளன. மின்சாரம் குறைந்தால் வேகமும் குறையும்.

காய்ச்சலில் துவண்ட குழந்தையை ஏந்தியிருந்த ஒரு தாய், "ஊருக்குப் போற லூமுட் பஸ் போயிரும்லா," என்று தவித்தாள்.

வெளியே சென்று, சக ஊழியரை அழைத்து வரம்பை உயர்த்தச் சொன்னேன். சற்றுநேரத்தில் அந்தத் தாயின் பெயர் அழைக்கப்பட்டது.

மருத்துவரைப் பார்த்துத் திரும்பியவள், "பஸ்ஸு போயிருச்சு, பரவால்லக்கா. நீங்க வந்த நேரந்தான் சிஸ்டம் நல்லாச்சு. ராசிக்காரவங்க!" என்றாள்.

நான் மறுக்கவில்லை. நீங்கள் மறுத்திருப்பீர்களா?