காசிச் செம்பும் கணினித் தண்ணீரும்

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் போன தைப்பூசத்திலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். நிறைந்தால் அதில் துணி அலசுவேன். குழாய் சொட்டுவதுகூடப் பரவாயில்லை, என் வீட்டுக்காரருக்குத் தொழிலே தண்ணீர்க் குழாய்தான் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சொல்லிவைத்தவர்கள், குழாய்க்காரர் பெண்டாட்டி வாளி தூக்குவாள் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

அவர் பெயர் ராதாகிருஷ்ணன். ரயில்வேக்காரர் மகன், பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் பிறந்தவர். இளவயதில் ஏர்கான் மாட்டப் போனார். பிறகு ஒரு ஹோட்டலில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். இப்போது பெட்டாலிங் ஜெயாவின் பழைய தொழிற்சாலைப் பகுதியில், கணினிகள் மட்டுமே குடியிருக்கும் ஒரு கட்டடத்தில் வேலை. டேட்டா சென்டர் என்கிறார்கள். மனிதர் வசிக்காத அந்தக் கட்டடத்துக்கு இரவும் பகலும் குளிர்ச்சி வேண்டுமாம். சாலாக் செலாத்தானில் எங்கள் பிளாட்டில் இருப்பது ஒரே ஒரு காற்றாடி. வேகமாக வைத்தால் அது அழும்.

முன்பெல்லாம் அந்தக் கணினிகளுக்குக் காற்று அடித்தார்கள். புதிதாக வந்தவை அடுப்புப் போலக் கொதிப்பதால் காற்று போதவில்லை. அதனால் ஒவ்வொன்றின் மூளை மேலும் ஒரு செப்புத் தகடு வைத்து, அதற்குள் மயிரிழை போன்ற வழிகளில் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். பால் டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுவது போல, வேறொரு குழாயில் ஓடும் தண்ணீருக்கு அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே போகும். இரண்டு தண்ணீருக்கும் நடுவே தகடு இருக்கிறது. ஒன்றோடொன்று கலக்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணம், கருமாதி, கோயில் பந்தி என்று எங்கே போனாலும் அவர் பேசுவது இதைத்தான். உள்ளே ஓடும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லையாம். சுத்திகரித்து, மருந்து கலந்து, தூசு துரும்பு படாமல் வைத்திருப்பதாம். ஒருமுறை சோறு கொண்டுபோனபோது அந்தத் தண்ணீர் இருக்கும் தொட்டியின் மூடியில் கை வைத்துவிட்டேன். "உஷா, கைய எடு. அந்தத் தண்ணிக்கு ஒரு துளி அழுக்குகூட ஆகாது" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். பெற்ற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அப்படிப் பதறியதில்லை.

பிறகு அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. வெளியே வரும் சூட்டை வீணாக்காமல் யாருக்காவது கொடுத்தால் பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் கிடைக்குமாம். குளிர்நாடு என்றால் வீடுகளுக்கே கொடுத்துவிடுவார்களாம். இந்த ஊரில், காலையில் குளித்துவிட்டு வாசல் தாண்டுவதற்குள் வேர்க்கிற ஊரில், சூடு வேண்டுமா சூடு வேண்டுமா என்று மேலாளர் கொர்னேலியஸ் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போனார். கிள்ளானில் இருந்து தினமும் காரில் வந்துபோகும் நல்ல மனிதர் அவர். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்காரர், "பாஸ், சூடு என்கிட்டயே நெறைய இருக்கு லா, நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டாராம்.

கடைசியில் சூடு வந்து சேர்ந்த இடம் என் அப்பளக் கடை. அந்தக் கட்டடத்துக்கு நேர் பின் சந்தில், தாமரையும் இன்னும் இரண்டு பெண்களும் நானுமாக அப்பளம் போடுகிறோம். பிரிக்பீல்ட்ஸின் வாழையிலைக் கடைகள் பலவற்றுக்கு எங்கள் அப்பளம்தான் போகிறது. அப்பளம் போடுவது பெரிய வித்தை இல்லை. காயவைப்பதுதான் பாடு. மத்தியானம் மூன்று மணியானால் வானம் கொட்டும். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, மழை விட்டதும் வெளியே ஓடி, மறுநாள் பார்த்தால் பாதி பூத்துப் போயிருக்கும். தீபாவளி நேரத்தில் மழை இன்னும் மோசம்.

"எங்க வீட்ல அப்பளம் காய வெக்கிறாங்க, மிதமான சூடுதான் வேணும்" என்று இவர் ஒரு வார்த்தை சொல்லப்போக, கம்பெனியே சந்தின் குறுக்கே குழாய் போட்டது. என் கடையின் பின்கட்டில் ஓர் அறை, அதில் வெந்நீர்ச் சுருள், பின்னால் விசிறி. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த அறைதான் என்னை வாழவைத்தது. வெளியே மழை அடித்து ஊற்றும்போது உள்ளே அப்பளம் அமைதியாகக் காயும். முன்பு வேண்டாம் என்று திருப்பியனுப்பிய ஆர்டர்களைக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன். தாமரை பகல் நேரத்தில் உட்கார்ந்து டீ குடித்ததை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன். "சும்மா போற சூடுதானே" என்றார். வேறு எதையும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

ஆயுத பூசை வந்தது. இவர் தொட்ட எந்த இயந்திரத்தையும் பூசை போடாமல் விட்டதில்லை. ஹோட்டலில் இருந்தபோது இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு அந்த ஐரோப்பிய மேலாளருக்கும் வைத்தவர். இங்கேயும் கொர்னேலியஸிடம் அனுமதி வாங்கி, பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சந்தில் பூசணிக்காய் உடைத்தார். நான் சுண்டல் கொடுத்தனுப்பினேன். கொர்னேலியஸ் கத்தோலிக்கர், ஆனாலும் சுண்டலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாராம்.

தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்த வாரத்தில் அறை திடீரென்று குளிர்ந்துபோனது. கணினிகள் சூடேறி அலாரம் அடித்ததாம். பிரித்துப் பார்த்தால், உள்ளே ஓடும் தண்ணீரின் வடிகட்டி முழுக்கப் பச்சைப் பாசி. மயிரிழை வழிகள் அடைத்துப் போயிருந்தன. கொர்னேலியஸ் அந்த வடிகட்டியை ஒரு தட்டில் வைத்து என் கடைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தகடு எங்கயோ ஓட்டையாகி உங்க பக்கத்து மாவு உள்ள வந்துடுச்சுன்னு மேலிடத்துல சந்தேகப்படறாங்க. இந்தக் குழாயையே கழட்டிடச் சொல்றாங்க."

"ரெண்டு தண்ணியும் கலக்காதுன்னு உங்க ஆள்தானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு தம்பி?"

"ராதா அண்ணன்கிட்ட கேட்டேன் அக்கா. ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு."

வெளியே மழை இறங்கியது. தாமரை தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்த்தாள். குழாய் போனால் தீபாவளி ஆர்டர் மட்டுமா போகும், அந்த மூன்று பெண்களின் வேலையும் போகும். என் வீட்டுக்காரரோ அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். ரசம் வேண்டுமா என்றால் உம், மோர் வேண்டுமா என்றாலும் உம். பெண்டாட்டியின் மாவு மேல் பழி விழுகிறது, அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மோரை நானே குடித்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாமி அலமாரியைத் துடைத்தேன். அங்கே இரண்டு குட்டிச் செம்புகள் இருக்கும். இவருடைய தங்கை புஷ்பவல்லி காசிக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த கங்கைத் தீர்த்தம். ஈயம் வைத்து மூடியது. "அண்ணனுக்கு ஒண்ணு, அண்ணிக்கு ஒண்ணு" என்று வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கடைசி நேரத்தில் வாயில் விட.

ஒன்றைத் தூக்கினேன். காற்றுப் போல் இருந்தது. மூடி பெயர்க்கப்பட்டு, மறுபடி பதவிசாக அழுத்தி வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு விளங்க நேரமாகவில்லை. செம்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது எங்க போச்சு?"

"தொட்டியிலதான்" என்றார்.

"எந்தத் தொட்டியில?"

"ஆயுத பூசை அன்னிக்கு. கொஞ்சூண்டுதான் உஷா."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். நான் மூடியில் கை வைத்ததற்குப் பத்துப் பேர் முன்னால் கத்தியவர், ஆற்றுத் தண்ணீரைப் பாசியும் பூச்சியுமாக அதே தொட்டியில் ஊற்றியிருக்கிறார். அது உள்ளே போய்க் குடும்பம் நடத்திப் பெருகியிருக்கிறது.

"கங்கை சுத்தம்னு நெனச்சேன்" என்றார்.

"கங்கை சுத்தந்தாங்க. உங்க புத்திக்குத்தான் பாசி. என் மாவுன்னு அவங்க சொன்னப்போ ஏன் வாயத் தொறக்கல?"

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? குழாயக் கழட்டி லோரில ஏத்தின பிறகா?"

வேலை போய்விடும் என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் தாமரைக்கு யார் சம்பளம் கொடுப்பது? சட்டையை மாட்டச் சொல்லி, மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். வழியில் எங்காவது திரும்பிவிடுவார் என்ற சந்தேகம்.

கொர்னேலியஸின் மேசையில் செம்பை வைத்துவிட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார். தலை நிமிரவே இல்லை. கொர்னேலியஸ் செம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, தொறப்பு நாளுக்கு நானும் ஃபாதரக் கூட்டிட்டு வந்து ஹோலி வாட்டர் தெளிச்சேன். வெளியே தெளிச்சோம் அண்ணே. உள்ள ஊத்தக் கூடாது லா." பிறகு பெருமூச்சு விட்டார். "அந்த மாசம் மருந்து போடறதும் நம்ம பக்கம் தள்ளிப் போச்சு. இல்லேன்னா இவ்வளவு வளந்திருக்காது. ரிப்போர்ட்ல ரெண்டையும் எழுதணும். எச்சரிக்கைக் கடிதம் வரும். பம்ப் ரூம் பக்கம் கொஞ்ச நாள் வராதீங்க."

"அப்பளக் குழாய்?" என்று நான் கேட்டேன்.

"அது மேல தப்பில்லையே அக்கா. இருக்கும்."

தண்ணீரை எல்லாம் வடித்து, மருந்து விட்டு அலசி, புதிதாக நிரப்பினார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அறை மறுபடி சூடானது. கையிலிருந்த ஆர்டரில் பாதிதான் கொடுக்க முடிந்தது. மீதிக்கு வாங்கிய திட்டு எல்லாம் என் காதுக்குத்தான். இவரை அலுவலக மாடியில் ஏர்கான் வடிகட்டி கழுவப் போட்டார்கள். இரவெல்லாம் புரண்டு படுத்தார். அந்தப் பம்பின் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லையாம்.

தீபாவளி முடிந்த மறுநாள்தான் எனக்குக் கேட்கவே மனம் ஆறியது. அவர் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"அப்படி என்னங்க வேண்டுதல், தீர்த்தத்த ஊத்தற அளவுக்கு? பொட்டு வெச்சா பத்தாதா?"

"ஹோட்டல்ல இருந்தது வெறும் மிஷின்" என்றார். "இதுலேருந்து வர்ற சூட்டுலதானே உன் அப்பளம் காயுது. நின்னுடக் கூடாதுன்னுதான்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் சண்டைதான் போடுவேன்.

"அதுக்கு என் செம்பு வரைக்குமா கை வெப்பீங்க?"

"உன்னோடது இல்ல. மஞ்சக் கயிறு கட்டினது உன்னோடது, அது அப்படியே இருக்கு. நான் ஊத்தினது என் பங்கு."

அலமாரியைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் கயிற்றோடு, ஈயம் கலையாமல், கனமாக இருந்தது என் செம்பு. அன்று வெள்ளிக்கிழமை இருந்த கோபத்தில் காலியானதை மட்டும் பார்த்தேனே தவிர, இதை நான் கவனிக்கவே இல்லை.

"அப்போ கடைசில உங்க வாயில நான் என்னத்த ஊத்தறது?"

அவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அந்த மனிதர் உண்மையாகவே யோசித்தார். குளியலறையில் வாளிக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டது.

"குழாத் தண்ணி போதும் உஷா" என்றார்.

"அப்போ அந்தக் குழாய முதல்ல மாத்துங்க" என்றேன். சொல்லிவிட்டு வாளியைத் தூக்கப் போனேன்.