ஒருவழிச் சுற்று

எங்கள் கீழ்வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். ஸ்டாண்டில் அவருக்கு ஆமை என்று பெயர். மலைச் சுற்றில் அவரைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் இறங்கித்தான் நடக்க வேண்டும் என்பார்கள். அவர் மறுத்ததில்லை.

சனி, ஞாயிறுகளில் ஊர் பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார். உச்சியில், கீழே ஆறு ஓடும் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவார். பிறகு மறுபக்கம் இறங்கி, ஆற்றை ஒட்டியே வந்து, பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைவார். பாதை குறுகல் என்பதால் வார இறுதியில் அது ஒருவழி. பாதியில் திரும்ப முடியாது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும். அவருடைய அப்பாவுக்கோ நினைவு தப்பிக்கொண்டிருந்தது. தனியாக விட முடியாது. அதனால் வேனின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூடவே அழைத்துப் போவார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். மகன் பெயர் சில நாள் வராது, ஆனால் ஆள் ஏற்றும் வேலை மட்டும் மறக்கவில்லை. நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி, எல்லோரையும் ஏற்றிவிட்டு, வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, “ரைட்” என்று சொல்லித் தானும் ஏறிக்கொள்வார். அதுவரை மகன் கியரைத் தொடமாட்டார்.

“ஆமைக்குக் கண்டக்டர் வேற,” என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

“பின்னாடி பாக்க எங்கப்பா இருக்கார். உனக்கு யாருடா இருக்கா?” என்பார் இவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகம் இறங்கியிருந்தது. ஏறும்போதே ஒரு பெண், “அண்ணே, வளைவுல எனக்குத் தலை சுத்தும். முன்னாடி உக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டாள். அப்பாவைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். உச்சியில் பள்ளமும் தெரியவில்லை, ஆறும் தெரியவில்லை. வந்ததற்கு எல்லோரும் பனியைப் படம் எடுத்தார்கள். பிறகு தகரத்தில் இரண்டு தட்டு, “ரைட்.” வண்டி கிளம்பியது.

பாதி மலை இறங்கிய பிறகு முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். “அண்ணே, அந்தப் பெரியவர் எங்க?”

பின்னாலிருந்து ஒரு இளைஞனின் குரல் மெல்ல வந்தது. “நான்தாங்க தட்டினேன். சும்மா, அவர் மாதிரியே...”

போனில் சிக்னல் இல்லை. பாலத்துக் காவல் சாவடிவரை இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

“சார், அப்பாவை மேல விட்டுட்டேன். இப்படியே திரும்பி ஏறிடறேன்.”

“எதிர்ல வர்றவனுக்கு நீ வர்றது தெரியுமா? பனி வேற. சுத்திப் போப்பா,” என்றார் காவலர். வாக்கி-டாக்கியில் உச்சியிலிருந்த காவலரைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த இடத்தில் யாரும் இல்லை என்று பதில் வந்தது.

பயணிகள் பாலத்திலேயே இறங்கிக்கொண்டார்கள். அந்த இளைஞன் மட்டும், “நானும் வரேண்ணே,” என்றான். இவர் அவன் முகத்தைப் பார்க்காமல், அவனை ஏற்றாமலே கதவைச் சாத்தினார். ஊரைச் சுற்றி, மீண்டும் மலையேறினார். அன்று அவரை ஆமை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

உச்சியில் பனிக்குள்ளிருந்து முதலில் கேட்டது தட்டும் சத்தம்தான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆள் நிற்க மட்டுமே இடமிருந்த மண் திட்டில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டி அப்பா நின்றிருந்தார். சுவரை இரண்டு முறை தட்டி “ரைட்” என்றார். அது நகரவில்லை. மறுபடி தட்டினார்.

மகன் எட்டி அவர் கையைப் பிடித்தார். “அப்பா, ஏறு. இந்தப் பக்கம் வா.”

“வண்டி ஃபுல்லு. அடுத்ததுல வாங்க,” என்றார் அப்பா.

இருவரும் வீடு வந்து சேர்ந்ததும் கீழே நடந்த பேச்சு எங்கள் மாடிவரை கேட்டது.

“இனிமே கூட்டிட்டுப் போக வேணாம். உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போங்க,” என்றார் மனைவி.

“மனுஷனையா?”

“வெளில வெச்சிருந்து என்ன ஆச்சு?”



இப்போது சனி, ஞாயிறுகளில் கீழ்வீட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. மாற்றுச் சாவி எங்கள் அம்மாவிடம் இருக்கிறது. பூட்டிய பிறகும் அவர் உடனே கிளம்புவதில்லை. ஜன்னலில் அப்பா நிற்பார்.

“சார், வண்டி எப்ப எடுப்பீங்க?”

“இப்ப எடுத்துடுவோம். உக்காருங்க,” என்று வேற்றாளிடம் பேசுவதுபோலவே சொல்லிவிட்டு, வேனை நோக்கி நடக்கிறார்.